மாலைத் தண்ணீர்தான் புல்லைக் கொல்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வீட்டுப் புல்தரை பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். செப்டம்பரில் புது விதை தூவி உரம் வைக்க வேண்டும், தினமும் மாலையில் லேசாகத் தெளித்து மண்ணை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், ஒட்ட வெட்டினால்தான் புல் அடர்த்தியாக வரும் என்று அதில் போட்டிருந்தீர்கள். செப்டம்பரில் விதையும் உரமும் என்பது குளிர்நாட்டுப் புல்லுக்குச் சரியான யோசனைதான், கோடை முடிந்து லேசாகக் குளிர ஆரம்பிக்கும்போதுதான் அந்த ஊர்ப் புல் துளிர்க்கும். நம் சென்னையில் செப்டம்பர் முடிந்தால் என்ன வரும்? ஐப்பசி அடைமழை வரும். அதற்கு மூன்று வாரம் முன்னால் விதையைத் தூவினால் அது அடுத்த தெருச் சாக்கடையில் முளைக்கும். வைத்த உரமும் அதன் பின்னாலேயே போகும்.

இதற்காகவா ஒரு கடிதம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் புல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், நான்காவது வீட்டில் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள், மே மாத மதியத்தில் அதன்மேல் வெறுங்காலை வைக்க முடியாது. நான்கு பேருமே ஆசையாகப் புல் வளர்த்தவர்கள். ஆளுக்கு இரண்டு மழைக்காலம் புல் அழுகியதைப் பார்த்து மனம் விட்டுப் போய்த்தான் இந்த முடிவுக்கு வந்தார்கள். நானும் பேசிப் பார்த்தேன். நான்கு வீட்டிலும் கதை ஒன்றுதான், மாலைத் தண்ணீர், ஒட்ட வெட்டு, மழைக்கு முன்னால் யூரியா. கவனிக்காமல் விட்டதால் செத்த புல் எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கவனித்ததில் செத்தவை.

நான் இருப்பது மடிப்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்தில்தான். தோண்டினால் களிமண், அதன்மேல் வீடு கட்டும்போது கொட்டிய செம்மண் ஓர் அடி. வாசலில் 400 சதுர அடிக்குப் புல். 22 வருடமாக இதே புல்தரையோடுதான் காலையும் மாலையும். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், விவசாயம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த 400 சதுர அடியில் என்னென்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

முதல் மூன்று வருடம் நானும் மாலையில்தான் தண்ணீர் விட்டேன். பள்ளி முடிந்து வந்து ஒரு காபி குடித்துவிட்டு ஆறு மணிக்கு ஹோஸைக் கையில் எடுத்தால் இருபது நிமிடம் நின்று தெளிப்பேன். மனசுக்கு இதமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. மூன்றாவது ஐப்பசியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பழுப்பு வட்டங்கள் வந்தன. பத்து நாளில் அவை தாம்பாளம் அளவு ஆகி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. விடியற்காலையில் குனிந்து பார்த்தால் வட்டத்தின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும், வெயில் ஏறினதும் அது இருந்த இடமே தெரியாது. ஓர் இலையைப் பிடித்து இழுத்தால் அடியில் அழுகி, சத்தமில்லாமல் கையோடு வரும். உரக்கடையில் போய்ச் சொன்னேன், சத்துக் குறைச்சல் என்று யூரியா கொடுத்தார்கள். போட்டேன். ஒரே வாரத்தில் பாதித் தரை போய்விட்டது.

அது ரைசாக்டோனியா என்ற பூஞ்சணம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். யூரியாவில் இருக்கும் தழைச்சத்து கூடினால் புல் இலை மெத்து மெத்தென்று ஆகிவிடும், பூஞ்சணத்துக்கு அது விருந்து. நோய் வந்த புல்லுக்கு யூரியா போடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பூஞ்சணத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும், ஒன்று இரவிலும் குறையாத வெப்பம், இன்னொன்று மணிக்கணக்காகக் காயாத ஈர இலை. முதலாவது நம் ஊரில் வருடம் முழுக்க இருக்கிறது, சென்னையில் மார்கழி, தை தவிர இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதை நம்மால் மாற்ற முடியாது. கடல் காற்றின் ஈரத்தையும் மாற்ற முடியாது. இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு நனைத்த இலை மறுநாள் எட்டு மணி வெயில் வரும்வரை காயாது, பதினான்கு மணி நேரம். அதே தண்ணீரை விடிகாலை ஐந்தரைக்கு விட்டால் ஏற்கெனவே பனியில் நனைந்திருக்கும் இலைதான் நனைகிறது, கூடுதல் ஈரம் இரண்டரை மணி நேரம்கூட இல்லை. தண்ணீர் அதேதான், நேரம் மட்டும்தான் வேறு.

நேரத்தை மாற்றினேன், நோய் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியைக் குறைத்தது எங்கள் தெருவில் பல வீடுகளுக்குத் தோட்ட வேலை பார்த்த ஒரு பெரியவர். நான் தினமும் தெளிப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "ஏம்மா, தினம் ஊட்டி விட்டா அது எப்பம்மா கையால சாப்பிடும்? தாகம் எடுக்கட்டும். தாகம் எடுத்தாத்தானே வேரு கீழ போயித் தேடும்" என்றார். சந்தேகமாக இருந்தால் பாருங்கள் என்று சொல்லிக் கையோடு கொண்டு வந்த கொத்தால் ஓரமாக ஒரு துண்டு பெயர்த்துக் காட்டினார். வேர் ஒரு விரல் ஆழம்கூட இல்லை, மேலாகவே பின்னிக் கிடந்தது. பக்கத்துக் காலி மனையில் யாரும் தண்ணீரே விடாத அருகம்புல்லை அதே கொத்தால் தோண்டினார், முழங்கை நீளம் போன பிறகும் வேர் தெரிந்தது. கல்யாண வீட்டில் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். என் அருகுக்கு வேரோட நான் இடமே கொடுக்கவில்லை.

சரி, எப்போதுதான் தண்ணீர் விடுவது? புல்லே சொல்லும். மாலை நான்கு மணிக்கு அதன்மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதித்த புல் உடனே நிமிர்ந்துவிட்டால் தண்ணீர் தேவையில்லை. காலடித் தடம் அப்படியே பதிந்து கிடந்தால், இலை ஓரம் மடிந்து பச்சை கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், மறுநாள் விடியற்காலையில் விடலாம். விடும்போது கஞ்சத்தனம் கூடாது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். என் 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர், ஒரு தடவைக்கு 12 மில்லிமீட்டர் விட்டால் ஏறக்குறைய 450 லிட்டர். நல்ல மே மாதத்தில்கூட எங்கள் களிமண்ணுக்கு வாரம் இரண்டு தடவை போதும், 900 லிட்டர். பழைய கணக்கைப் பாருங்கள். என் ஹோஸில் 20 லிட்டர் பக்கெட் நிறைய ஒரு நிமிடம் நாற்பது வினாடி, அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். தினம் இருபது நிமிடம் என்றால் வாரத்துக்கு 1,680 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீரைச் செலவழித்துப் புல்லை நோயாளி ஆக்கியிருக்கிறேன். திருவான்மியூர், நீலாங்கரை மாதிரி மணல் பகுதிகளில் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, அங்கே இதையே கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவையாகப் பிரித்து விட வேண்டும். அங்கேயும் விடியற்காலைதான்.

களிமண்ணில் 450 லிட்டரை ஒரேயடியாக விட்டால் வாசலுக்கு ஓடிவிடும். பாதியை விட்டு, அரை மணி நேரம் கழித்து மீதியை விடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, தை மாதம் மண் பாதி ஈரமாக இருக்கும்போது, கடப்பாரையால் அரை அடிக்கு ஒரு குத்தாகத் தரை முழுக்கக் குத்தி, குழிகளில் ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து கூட்டி விடுகிறேன். இரண்டு நாள் தோள் வலிக்கும். ஆனால் எங்கள் மண்ணுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

மழை விட்ட நாட்களில் காலை ஆறு மணிக்கு ஒரு தென்னந்துடைப்பத்தை எடுத்துப் புல்மேல் லேசாக இழுத்துக்கொண்டே போவேன். இலை நுனியில் முத்து முத்தாக நிற்கும் பனி உதிர்ந்துவிடும், ஒரு மணி நேரம் முன்னதாகவே காய்ந்துவிடும். கோல்ஃப் மைதானங்களிலும் நீளக் கயிற்றையோ ஹோஸையோ இழுத்து இதையேதான் செய்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த இந்த ஐந்து நிமிட வேலை நம் பத்திரிகைக் கட்டுரைகளில் ஏனோ வருவதில்லை.

எந்தப் புல் என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, வருத்தமாக இருந்தது. அருகு வகைக்கு நேரடி வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும், நிழலில் அது கம்பி மாதிரி நீண்டு மெலிந்து போகும். எங்கள் வாசலின் கிழக்கு மூலையில் ஒரு பூவரசு இருந்தது, அதன் அடியில் பத்து வருடம் என்னென்னவோ போட்டும் அருகு நிற்கவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அந்த மரத்தைச் சாய்த்தது. மரம் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான், ஆனால் அடுத்த ஆடிக்குள் அந்த மூலையை அருகு தானாகவே ஓடி மூடிவிட்டது. நான் போட்ட உரத்தில் எந்தக் குறையும் இல்லை, வெயில்தான் இல்லாமல் இருந்தது. மேற்கே வேப்பமரத்து அடியில் அகல இலைப் புல்தான், நர்சரிகளில் பஃபலோ புல் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது அரை நிழலைத் தாங்கும், ஆனால் தண்ணீர் குறைந்தால் தாங்காது. எல்லோரும் ஆசைப்படும் கொரியன் புல் மெத்தை மாதிரி அழகுதான், நானும் போட்டுப் பார்த்தவள். மேடு மேடாகப் பொங்கி அடியில் சருகு மெத்தை சேர்ந்து மழைக்காலத்தில் உள்ளுக்குள்ளேயே புழுங்கும். அடிக்கடி கலைத்துக் கொடுக்க நேரம் இருப்பவர்கள் வைக்கட்டும். புதிதாகப் போடுவதாக இருந்தால் எந்தப் புல்லாக இருந்தாலும் ஆடியில் போடுங்கள், ஆடிப்பட்டம் தேடி விதை என்றது புல்லுக்கும் பொருந்தும். ஐப்பசி வருவதற்குள் மூன்று மாதம் வேர் பிடித்திருக்கும்.

ஒட்ட வெட்டுவது பற்றி. தீபாவளிக்கு முன்னால் ஆள் வைத்து நைலான் கம்பி சுழலும் மெஷினால் மண் தெரிய வெட்டுவது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. இலைதான் புல்லுக்குச் சமையலறை, அதை வழித்துவிட்டால் வேர் பட்டினி. எப்போது வெட்டினாலும் இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அருகை 3 சென்டிமீட்டரில் நிறுத்துகிறேன், வேப்பமரத்து அடிப் புல்லை 5 சென்டிமீட்டரில். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை வெட்ட வேண்டியிருக்கும், அதற்குச் சோம்பல்பட்டு ஒரு மாதம் விட்டுவிட்டு ஒரே தடவையில் வழிப்பதுதான் தவறு. வெட்டின மறுநாள் நுனிகள் வெள்ளையாகக் கிழிந்து நின்றால் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடித்துக்கொள்ளுங்கள். ஈரக் களிமண்ணில் மெஷினை இறக்காதீர்கள், காய்ந்த பிறகு வெட்டலாம், ஒன்றும் ஓடிவிடாது.

அப்புறம் கோரை. புல் வளர்க்கிறவர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். 2009 வாக்கில் பள்ளத்தை மேடாக்க ஒரு லாரி செம்மண் வாங்கிக் கொட்டினேன். அதோடு கோரைக்கிழங்கு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் அருகுக்கு மேலே பளபளவென்று வெளிர்ப்பச்சையாகத் தலை நீட்டியது. புல்லா கோரையா என்று சந்தேகம் வந்தால் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள், கோரை உருளாது, முக்கோணமாக விளிம்பு தட்டும். பிடுங்கினால் மேலே உள்ளது மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நின்று பத்து நாளில் மறுபடி முளைக்கும். ஒரு மழை நாளில் பொறுமையாகத் தோண்டினேன். கறுப்பு மணி கோத்த மாதிரி ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய கம்பி ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. ஒரே செடியின் கீழே பதினேழு எண்ணினேன். நசுக்கினால் நல்ல வாசனை, நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கு விற்கும் அதே கோரைக்கிழங்குதான். அதை ஒழிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. மழையில் மண் இளகும்போதெல்லாம் களைக்கொத்தியால் கிழங்குச் சரத்தோடு எடுப்பது, எடுக்க முடியாத இடத்தில் வாரம் தவறாமல் தலையைக் கிள்ளுவது. இலை விடவிடக் கிள்ளினால் கிழங்கில் சேர்த்து வைத்த சத்து தீர்ந்து ஒருநாள் நின்றுவிடும். இடையில் ஒரு மாதம் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் சொல்கிறேன், மண் வாங்கினால் ஒரு சாக்கு மட்டும் முதலில் வாங்கித் தட்டில் பரப்பி இரண்டு வாரம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், எது முளைக்கிறதென்று தெரிந்துவிடும்.

உரம் வருடத்துக்கு இரண்டே தடவை. மழை முழுதாக ஓய்ந்த பிறகு தை கடைசியில் ஒன்று, ஆனி ஆடியில் ஒன்று. யூரியா என்றால் சதுர மீட்டருக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம், என் தரைக்கு மொத்தமே 370 கிராம், இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் கருகும். வேப்பம் புண்ணாக்கும் மக்கிய எருவும் போட்டால் இன்னும் நல்லது, அவசரமில்லாமல் வேலை செய்யும். புரட்டாசி முதல் மார்கழி வரை ஒன்றும் போடாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக, சுண்ணாம்பாக இருக்கிற வீடுகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இலை வெளிறும், அது இரும்புச்சத்து ஏறாததால் வருவது. அன்னபேதி என்ற இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும். டைல்ஸ் மேலே பட்டால் துருக்கறை போகாது, ஜாக்கிரதை. மைனாவும் காக்கையும் ஒரே இடத்தைக் கொத்திக் கிளறினால், புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி சுருண்டு வந்தால், அடியில் வெள்ளை வேர்ப்புழு இருக்கிறது என்று அர்த்தம். மண்புழு போட்ட உருண்டைகளைப் பார்த்து மட்டும் மருந்து அடித்துவிடாதீர்கள், நான் கடப்பாரையால் செய்கிற வேலையைத்தான் அது சம்பளமில்லாமல் செய்கிறது.

2015 வெள்ளத்தில் எங்கள் தரை நான்கு நாள் தண்ணீருக்குள் இருந்தது, 2023 மிக்ஜாம் புயலிலும் அப்படித்தான். தண்ணீர் வடிந்ததும் இலைமேல் அரை அங்குலச் சேறு படிந்திருக்கும். அது காய்ந்து ஓடாக ஆவதற்குள் கழுவி விட்டால் அருகு பிழைத்துக்கொள்ளும், இரண்டு தடவையும் பிழைத்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தபோது புல்லுக்கு ஒரு சொட்டு விட எனக்கு மனம் வரவில்லை. வேப்பமரத்து அடிப் புல் முழுதாகச் செத்தது. அருகு வைக்கோலாகக் காய்ந்து கிடந்தது, போய்விட்டது என்றே நினைத்தேன். ஜூன் கடைசி மழைக்குப் பிறகு பத்து நாளில், காய்ந்த கணுக்களிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை வந்தது. அந்தக் காலையில் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் நானும் வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். நம் கடற்கரை மாவட்டங்களுக்கென்று, சித்திரையிலிருந்து பங்குனிவரை, எந்த மாதம் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு பக்கம் போடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் புல்தரை பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். என்னைப் போலத் தரையில் குனிந்து பார்த்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள், அவர்களிடமும் கேளுங்கள். அந்தப் பக்கம் தயாராக நாளாகலாம், பரவாயில்லை. ஆனால் போன வாரக் கட்டுரையை நம்பி இந்நேரம் யாராவது யூரியா மூட்டையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, செப்டம்பர் உரமும் மாலைத் தண்ணீரும் சென்னைக்கு வேண்டாம் என்ற ஒரு திருத்தத்தையாவது இந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை